விமானம் மாறும் இடைவேளையில் கோலாலம்பூரைப் பார்க்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குவதால், இம்மாதம் வந்த மடல்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைத்தான் கேட்கின்றன. தமிழகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ செல்லும் உறவினர்கள் நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் (கே.எல்.ஐ.ஏ.) பல மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. அந்த நேரத்தில் அவர்களுக்கு ஊரைக் காட்ட முடியுமா என்பதே கேள்வி. ஐந்து மடல்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் என் சித்தியும் சித்தப்பாவும் மெல்பர்னில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறார்கள். ஒரு புதன்கிழமை காலை 8 மணிக்கு கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் இறங்கி, மாலை 5 மணிக்கு அடுத்த விமானம் ஏற வேண்டும். பத்துமலை முருகன் கோயில், இரட்டைக் கோபுரம், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது சித்தியின் ஆசை. அவருக்கு வயது 64. முழங்கால் வலி உண்டு. நான் ஈப்போவிலிருந்து ரயிலில் வந்து, கோலாலம்பூரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் அவர்களைச் சந்திக்க முடியும். இது நடக்கக்கூடிய காரியமா?
– வாசகி, ஈப்போ

பதில்: பத்துமலை மட்டும் என்றால் நடக்கும், அம்மா. மூன்றும் நடக்காது. ஒன்பது மணி நேரம் என்பது காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. ஆனால் நம் விமான நிலையம் இருப்பது கோலாலம்பூரில் அல்ல, செப்பாங்கில். கே.எல். சென்ட்ரலுக்கும் அதற்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே, இறங்கும் நேரத்திலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடாமல், ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

மாலை 5 மணிக்கு விமானம் என்றால், பிற்பகல் 2.30க்கு அவர்கள் முனையத்துக்குள் நின்றாக வேண்டும். இது அதிகப்படியான எச்சரிக்கை அல்ல. குடிநுழைவுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகு இரண்டாம் முனையத்தின் நீண்ட நடை ஆகியவற்றை முழங்கால் வலி உள்ளவர் கடக்க வேண்டும் அல்லவா? 2.30க்கு அங்கே இருக்க, கே.எல். சென்ட்ரலில் 1.45க்குள் விரைவு ரயில் ஏற வேண்டும். அதற்குப் பத்துமலையிலிருந்து 12.45க்கெல்லாம் புறப்பட்டுவிட வேண்டும். இனி காலைப் பக்கம் பாருங்கள். 8 மணிக்குச் சக்கரம் தரையைத் தொட்டாலும், குடிநுழைவு வரிசையைத் தாண்டி வெளியே வர 9.15 ஆகிவிடும், சென்ட்ரலுக்கு வந்து சேரப் பத்து மணி, பத்துமலை அடிவாரத்தில் கால் வைக்க ஏறத்தாழ 11 மணி. ஆக, ஒன்பது மணி நேரத்தில் மலைக்கென்று மிஞ்சுவது ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த நேரம் ஓர் இடத்துக்குப் போதும், மனநிறைவாகவும் இருக்கும். மூன்றாகப் பங்கிட்டால் எதுவும் நினைவில் நிற்காது.

திருச்சியில் புறப்படும் முன் இரண்டு காரியங்களை முடித்துவிடச் சொல்லுங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருபவர்கள், சில மணி நேரத்துக்கே என்றாலும், எம்.டி.ஏ.சி. எனப்படும் இலக்கவியல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசுத் தளம் அன்று. இரண்டாவது, பெட்டி. திருச்சி முகப்பில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் காகிதப் பட்டையைச் சித்தப்பா கையில் பிடித்துப் படித்துப் பார்க்கட்டும். அதில் பெரிய எழுத்தில் எம்.இ.எல். என்று இருந்தால் பெட்டி நேரே மெல்பர்னுக்குப் போகும்; கவலையில்லாமல் வெளியே வரலாம். கே.யு.எல். என்று இருந்தால் பெட்டியை இங்கே எடுத்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். அப்படியானால் விமான நிலையத்திலுள்ள பொருள் பாதுகாப்பகத்தில் பெட்டியை வைத்துவிட்டு வருவதற்கும், திரும்பியபின் மீண்டும் ஒப்படைப்பதற்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் மலைக்குரிய நேரத்திலிருந்துதான் கழியும்; அந்நிலையில் மலையை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடங்களிலும், முதல் முனையத்திலிருந்து 28 நிமிடங்களிலும் கே.எல். சென்ட்ரலை அடைந்துவிடும். ஒருவருக்கு ஒரு வழிக் கட்டணம் 55 ரிங்கிட். இது குறைந்த தொகை அன்று. மூன்று, நான்கு பேராக வந்தால் செயலி வழி அழைக்கும் கிராப் காரில் இதைவிட மலிவாக வந்துவிடலாம், பேருந்தில் இன்னும் மலிவாக வரலாம். ஆனாலும் திரும்பும் பயணத்துக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். சாலை எப்போது அடைத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்டவாளத்தில் நெரிசல் இல்லை.

சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்குக் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் நேரடியாகச் செல்கிறது. கட்டணம் சில ரிங்கிட்தான், பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். இறங்கும் நிலையம் கோயில் வளாகத்தின் பக்கத்திலேயே, பச்சை நிற அனுமார் சிலைக்கு அருகில் இருக்கிறது. ஒரு குறைதான் உண்டு. இந்த ரயில் அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்க நேரிடலாம். ஆகவே நீங்கள் ஈப்போவிலிருந்து முன்கூட்டியே வந்து கால அட்டவணையைப் பார்த்து, பயணச்சீட்டையும் வாங்கி வைத்திருங்கள். அவர்கள் வந்திறங்கும்போது ரயில் அப்போதுதான் போயிருந்தால், தயங்காமல் கிராப் காரை அழைத்துவிடுங்கள்.

இனி முழங்கால் பற்றி. படிகள் 272. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும், ஏனென்றால் படிகள் செங்குத்தாகவும் பாதம் முழுதாகப் பதியாத அளவு குறுகலாகவும் இருக்கின்றன. பலர் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்தபடியே இறங்குவதைக் காணலாம். 11 மணி வெயிலும் சேர்ந்துகொள்ளும். சித்தி ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை அடிவாரத்தில்தான் நிற்கிறது. அதன் பாதத்தருகே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கே பலர் கடல் கடந்து வருகிறார்கள். அடிவாரத்திலும் சன்னதிகள் உள்ளன. இராமாயணக் குகையில் படியேற்றம் குறைவு. சித்தப்பா மட்டும் மேலே சென்று குகைக்கோயிலில் வணங்கிவிட்டு வர நாற்பது நிமிடம் கொடுங்கள்; சித்தியும் நீங்களும் கீழே நிழலில் இளநீர் அருந்தியபடி பேசிக்கொண்டிருக்கலாம். அப்போது அவருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இந்தக் குகையில் முருகனுக்கு வழிபாட்டைத் தொடங்கிவைத்தவர் கா. தம்புசாமிப் பிள்ளை, 1892 முதல் இங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. சிலையைச் செய்த திருவாரூர்ச் சிற்பி தியாகராஜனே, சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் குடமுழுக்குக் கண்ட 146 அடி முருகனையும் செய்தவர். திருச்சிக்காரர்களுக்குச் சேலம் எட்டாத தூரம் அல்ல. இரண்டையும் பார்த்தவர்கள் என்ற பெருமை அவர்களுக்குக் கிடைக்கும்.

குரங்குகளிடம் கவனம் தேவை. கையில் நெகிழிப் பை தொங்கினால் அதில் உணவு இருப்பதாகவே அவை எடுத்துக்கொள்ளும். கடப்பிதழ் இருக்கும் பையைத் தோளின் குறுக்கே மாட்டி முன்பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னுமொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அர்ச்சனைத் தட்டில் கிடைக்கும் பழமும் பூவும் இங்கேயே யாருக்காவது கொடுக்கப்பட வேண்டியவை. ஆஸ்திரேலியாவில் பழம், பூ, விதை போன்றவற்றின் மீது கடுமையான சோதனை உண்டு. அறிவிக்காமல் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே அபராதம் விதிப்பார்கள். திருநீற்றைப் பொட்டலமாகக் கொண்டுபோனால், வருகைப் படிவத்தில் குறிப்பிட்டுவிட்டுக் கேட்டால் காட்டுவது உத்தமம். அதேபோல் நீங்கள் அன்போடு வாங்கித்தரும் சம்பல் புட்டி 100 மில்லி லிட்டரைத் தாண்டினால், கைப்பையில் பாதுகாப்புச் சோதனையைக் கடக்காது.

கேள்வி: பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சி செல்கிறேன். இடையில் ஆறு மணி நேரம் இருக்கிறது. வெளியே வர நேரம் போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போதும். உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. உள்நாட்டு விமானத்தில் வருவதால் இறங்கியதும் குடிநுழைவு வரிசை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் இழக்கும் ஒரு மணி நேரம் உங்கள் கையில் மிஞ்சுகிறது. ஆறு மணி நேரத்தில் திரும்பி வந்து முனையத்தில் இருக்க வேண்டிய இரண்டரை மணி நேரத்தையும், போக வர ரயிலுக்கும் காத்திருப்புக்குமாக ஒன்றரை மணி நேரத்தையும் கழித்தால், இரண்டு மணி நேரம் உங்களுடையது. அதைக் கழிக்க பிரிக்பீல்ட்ஸைவிட ஏற்ற இடம் இல்லை, ஏனென்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்து அது நடை தூரம். எந்த வாகனத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

பட்டர்வொர்த்துக்காரருக்கு வாழையிலைச் சாப்பாட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் துன் சம்பந்தன் சாலையில் நண்பகல் 12 மணிக்கு முன்பே ஒரு கடையில் உட்கார்ந்து பாருங்கள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும், வடித்த சோற்றின் ஆவியில் இலையின் வாசம் கிளம்பும். பாகற்காய் வறுவல் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். ரசம் அன்றைய முதல் கரண்டியாக வரும். 1 மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் இடம் கிடைக்கவே இருபது நிமிடமாகும். அந்த இருபது நிமிடம் உங்களிடம் இல்லை.

சாப்பிட்டபின் ஒரு சிறு நடை போங்கள். செங்கல் சூளைகள் இருந்ததால் இந்தப் பகுதிக்கு இப்பெயர் வந்தது. 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் மரவீடுகள் அழிந்தபின், செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானதும் இங்கேதான் கல் அறுத்தார்கள். பிறகு ரயில்வே வேலைக்கு வந்த தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இங்கே குடியேறினார்கள். சாலைக்குப் பெயர் தந்த துன் வீ. தி. சம்பந்தன், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கவைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர். அதே சாலையில் 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் அடங்கும். திருச்சி உறவினர்களுக்கு வாங்க மறந்தது ஏதும் இருந்தால் மளிகைக் கடைகளும் பக்கத்திலேயே உண்டு.

கேள்வி: சென்னையிலிருந்து தோக்கியோ செல்லும் வழியில், முதல் முனையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடன் இரண்டு சிறு பிள்ளைகள். நகரத்துக்கு வந்து போக முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: நகரத்துக்கு வர வேண்டாம். கணக்குப் போட்டால் கோலாலம்பூரில் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. அந்த ஒரு மணிக்காகப் பிள்ளைகளை ஓடவைப்பது நியாயமில்லை. வெளியே வந்தே தீர வேண்டும், வரிசையும் குறைவாக இருக்கிறது என்றால், பாதி வழியில் இருக்கும் புத்ராஜெயாவை நினைத்துப் பாருங்கள். கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் என்ற ரயில் எக்ஸ்பிரஸ் ரயிலைப் போலன்றி இடையில் மூன்று நிலையங்களில் நிற்கும். அதில் ஏறினால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் புத்ராஜெயா. அங்கிருந்து கிராப் காரில் ஏரிக்கரைக்குச் செல்லலாம். இளஞ்சிவப்புக் கருங்கல்லால் கட்டப்பட்ட புத்ரா பள்ளிவாசல் தண்ணீரில் நிழலாடும் காட்சியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். தொழுகை வேளைகளிலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

விமானம் இறங்கும்போதே அரை மணி தாமதமாகியிருந்தால் அந்த எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முதல் முனையத்தின் துணைக்கட்டடத்தின் நடுவே ஒரு சிறு மழைக்காட்டையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். முனையத்தை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்ற எண்ணத்தில் அமைத்தது அது. தோக்கியோவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: வரலாற்றில் ஆர்வமுள்ள என் நண்பர் காலை 10 மணிக்கு இறங்கி இரவு 10 மணிக்கு விமானம் ஏறுகிறார். பத்துமலையை முன்பே பார்த்தவர். அவரை எங்கே அழைத்துச் செல்லலாம்?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: பழைய நகரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் கிளானா ஜெயா தடத்தில் ஒரே நிறுத்தம் தள்ளி பசார் செனி. அங்கே இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் துன் எச். எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தின் வழிபாட்டிடமாகத் தொடங்கியது. இன்றும் தைப்பூசத்தையொட்டி இரவில் வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான். கோயிலைப் பார்த்துவிட்டு, 1888இல் ஈரச் சந்தையாகத் தொடங்கி இன்று கைவினைப்பொருள் அங்காடியாக இருக்கும் சென்ட்ரல் மார்க்கெட் வழியாக ஆற்றங்கரைக்கு வாருங்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909இல் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது. கோலாலம்பூர் என்ற மலாய்ப் பெயருக்குச் சேறு நிறைந்த கூடுதுறை என்று பொருள். அந்தக் கூடுதுறை இதுதான். ஊருக்குப் பெயர் பிறந்த இடத்தில் நின்று, நிறம் வேறுபட்ட இரண்டு நீரோட்டங்கள் ஒன்றாவதைப் பார்ப்பதற்கு எந்த உயரக் கோபுரமும் ஈடாகாது என்பது என் எண்ணம். ஆற்றைக் கடந்தால் 1897இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், அதன் எதிரே மெர்டேக்கா சதுக்கமும். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறிய திடல் அது.

இவ்வளவுக்கும் மூன்று மணி நேரம் போதும். நேரம் மிஞ்சும் என்பதால் அதே எல்.ஆர்.டி. தடத்தில் கே.எல்.சி.சி. நிலையத்துக்குச் சென்று, 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தைப் பூங்காவிலிருந்து பார்க்கலாம், அதற்குக் கட்டணமில்லை. இரு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலத்துக்கு ஏற விரும்பினால் நேரம் குறித்த சீட்டை முன்னதாக வாங்க வேண்டும். திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும்.

ஒரு வேண்டுகோள். இரவு விமானம்தானே என்று மாலை 6 மணிக்குக் காரில் புறப்படாதீர்கள். என் மாமா ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் அழைத்துச் சுற்றினேன். நான்கு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை; நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குகளின் வரிசை அசையவில்லை; முகப்புக்கு நாங்கள் ஓடிவந்து சேர்ந்தபோது மூடி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மாமா ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்காக வாங்கிய பொம்மையை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த விமானம் மறுநாள்தான். அன்று நான் ரயிலில் அழைத்து வந்திருந்தால் அவர் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். உங்கள் நண்பர் மாலை 6.30க்குள் சென்ட்ரலில் ரயில் ஏறிவிடட்டும்.

கேள்வி: இரவு 11.30க்கு இறங்கி, மறுநாள் காலை 7 மணிக்கு அடுத்த விமானம். இரவில் ஊரைச் சுற்ற வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம், ஐயா. நீங்கள் வெளியே வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். விரைவு ரயிலும் அந்த நேரத்தில் நின்றுவிடும், அதிகாலை 5 மணி வாக்கில்தான் மீண்டும் ஓடத் தொடங்கும். கார் வைத்துக்கொண்டு போனாலும் கோயில்களும் கடைகளும் அடைத்திருக்கும். இரண்டாம் முனையத்தை ஒட்டிய வணிக வளாகத்தில் சில மணி நேரக் கணக்கில் படுக்கை தரும் காப்ஸ்யூல் விடுதி இருக்கிறது. குளிக்கவும் வசதி உண்டு. முன்பதிவு செய்து வாருங்கள், ஏனென்றால் அந்த வேளையில் பலரும் அதைத்தான் தேடி வருவார்கள். அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருப்பதால், அதற்கும் வருகை அட்டை நிரப்பியிருக்க வேண்டும். காலையில் 4.30க்கு எழுந்தால் நிதானமாக ஒரு தே தாரிக் அருந்திவிட்டு வரிசைக்குப் போகலாம்.